கர்ப்பம் உறுதியாகிவிட்டது, வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

மழைச்சாரல் எழுதியது:

வணக்கம் தோழிகளே. எனக்கு 28 வயது, 15 வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. முதலில் பல வருடம் வால்ப்ரோயேட் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சு எடுத்ததும் நரம்பியல் டாக்டரே அதை மெல்ல மெல்லக் குறைத்து லமோட்ரிஜினுக்கு மாற்றிவிட்டார். இப்போது காலையில் 100, இரவில் 100 மில்லிகிராம். கடைசியாக ஃபிட்ஸ் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஃபோலிக் ஆசிட்டும் குழந்தைக்கு முயற்சி செய்யத் தொடங்கும் முன்பிருந்தே அவர் சொன்னபடி போட்டு வருகிறேன்.

இப்போது ஏழாவது வாரம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், ஆனால் செய்தி சொன்ன அன்று மாலையே பேச்சு தொடங்கிவிட்டது. மாமியார் என் மேல் உயிரையே வைத்திருப்பவர், அதனால்தான் பயப்படுகிறார், அது எனக்குப் புரிகிறது. "பிள்ளைக்குக் கை கால் உருவாகிற நேரம், மூணு மாசம் எந்த மாத்திரையும் உள்ளே போகக் கூடாது, மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா" என்கிறார். என் அம்மாவும் போனில் அதையேதான் சொல்கிறார். கணவர் யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் நிற்கிறார். நான் இன்னும் நிறுத்தவில்லை, ஆனால் ஒவ்வொரு முறை அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரிக்கும்போதும் கை தயங்குகிறது, உள்ளே இருக்கிற பிள்ளைக்கு நானே கெடுதல் செய்கிறேனோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இதோடு மசக்கை வேறு. காலை மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்துவிடுகிறது, மாத்திரை உள்ளே போனதா வெளியே வந்துவிட்டதா என்றே தெரியவில்லை, திரும்பப் போடலாமா கூடாதா? நரம்பியல் டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். மகப்பேறு டாக்டர் "மாத்திரையைத் தொடருங்கள், அவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். சுகப்பிரசவம் முடியுமா, தாய்ப்பால் கொடுக்கலாமா, பிள்ளைக்கும் இது வருமா, இப்படி ஆயிரம் கேள்வி. இதே நிலையில் பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பவளமல்லி எழுதியது:

வாழ்த்துகள் தங்கச்சி. மாத்திரையை நிறுத்தாதே. மற்றதையெல்லாம் அப்புறம் மெதுவாகப் படித்துக்கொள், இதை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்.

எனக்கும் வலிப்புதான், லெவெட்டிராசெட்டம் சாப்பிடுகிறேன். மகளுக்கு இப்போது நான்கு வயது, நன்றாக இருக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. மாத்திரையால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, ஆனால் மாத்திரையை விட்டு ஃபிட்ஸ் வந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும்போது அம்மாவின் மூச்சே தடைப்படுகிறது, அந்த நேரத்தில் வயிற்றுக்குள் இருப்பதற்கும் பிராணவாயு குறைகிறது. விழுந்தால் வயிறு அடிபடலாம். திடீரென்று நிறுத்தினால் ஒன்றன் பின் ஒன்றாக நிற்காமல் வருகிற அளவுக்கும் போகலாம், அது உயிருக்கே ஆபத்து. என் மாமியாரை நான் டாக்டரிடம் நேரே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு இரவு மாத்திரையை நினைவுபடுத்துவதே அவர்தான். உன் மாமியாரையும் அடுத்த வாரம் கூட அழைத்துப் போ, நீ வீட்டில் நூறு முறை சொல்வதை அவர் அங்கே ஒரே முறையில் ஏற்றுக்கொள்வார்.

வாந்திக்கு வருகிறேன். என் டாக்டர் சொன்னது இது: மாத்திரை போட்ட உடனேயே, முக்கியமாக மாத்திரை முழுதாகவே வெளியே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்தால், இன்னொன்று போட்டுக்கொள். ஒரு மணி நேரம் கழித்து வாந்தி என்றால் பெரும்பாலும் உள்ளே இறங்கியிருக்கும், திரும்பப் போட வேண்டாம். இடைப்பட்ட நேரம்தான் குழப்பம், அதற்கு உன் டாக்டர் என்ன சொல்கிறார் என்று போனிலாவது இன்றைக்கே கேட்டுவிடு, அடுத்த வாரம் வரை காத்திருக்காதே. வாந்தியை நிறுத்தக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையும் உண்டு, அதைக் கேட்டு வாங்கு, சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எனக்குக் காலை எழுந்ததும் வெறும் வயிற்றில்தான் குமட்டல் அதிகம், அதனால் டாக்டரைக் கேட்டுக் காலை வேளையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன், அது எனக்கு ஒத்து வந்தது.

இன்னொன்று, இதை எனக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. கர்ப்பத்தில் உடம்பு மருந்தை வேகவேகமாக வெளியேற்றிவிடும். அதே அளவு மாத்திரைதான் போடுகிறோம், ஆனால் இரத்தத்தில் மருந்து குறைந்துகொண்டே போகிறது. எனக்கு ஐந்தாம் மாதத்தில் காலையில் பல் துலக்கும்போது வலது கை மட்டும் சட்டென்று ஒரு உதறு உதறும், பிரஷ் கையிலிருந்து தெறித்துவிடும். தூக்கக் கலக்கம் என்று விட்டிருப்பேன், கணவர்தான் விடவில்லை. இரத்தத்தில் மருந்து அளவு பார்த்தார்கள், நன்றாகவே இறங்கியிருந்தது, டோஸ் கூட்டினார்கள், உதறல் நின்றது. டோஸ் கூட்டச் சொன்னால் "ஐயோ இன்னும் அதிகமா" என்று பயப்படாதே. உன் இரத்தத்தில் பழைய அளவைத் திரும்பக் கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான்.

பிரசவம் சுகப்பிரசவம். தாய்ப்பால் ஒன்றரை வருடம் கொடுத்தேன். நிஜமான சோதனை பிள்ளை பிறந்த பிறகுதான், தூக்கம். தூக்கம் கெட்டால் எனக்கு ஃபிட்ஸ் வரும் என்று முன்பே தெரியும், அதனால் இரவு பத்து மணிப் பாலை நான் கொடுத்துவிட்டுப் படுத்தால் நடு இரவில், முன்பே எடுத்து வைத்த பாலைக் கணவர் கொடுப்பார், விடியற்காலைதான் என்னை எழுப்புவார். ஒரே நீட்டாகச் சில மணி நேரமாவது தூங்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. தரையில் பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன், துணி மாற்றியதும் தரையில்தான். தனியாக இருக்கும்போது பிள்ளையைக் குளிப்பாட்டியதே இல்லை, ஈரத் துணியால் துடைத்து விடுவதோடு சரி.

தாழம்பூ எழுதியது:

இதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது, அதனால் குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். நான் இன்னும் கர்ப்பமாகவில்லை, ஆனால் இந்த வருடமே குழந்தை வேண்டும் என்று நினைக்கிறோம். நான் போடுவது வால்ப்ரோயேட்தான், ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம். அதுதான் கேட்கிறது, வேறு இரண்டு மருந்து பார்த்தும் சரிவரவில்லை. மாத்திரை அட்டையிலேயே கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்று எச்சரிக்கை போட்டிருக்கிறது. இதுவரை எந்த டாக்டரும் இதைப் பற்றி என்னிடம் தானாகப் பேசவில்லை. நான் குழந்தையே பெற்றுக்கொள்ளக் கூடாதா? நாளைக்கே இதை நிறுத்திவிட்டு மழைச்சாரல் மாதிரி லமோட்ரிஜின் கேட்டு வாங்கிக்கொள்ளட்டுமா?

வேம்பு எழுதியது:

நான் நரம்பியல் துறையில் பணிபுரியும் மருத்துவர். இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

தாழம்பூ, முதலில் உங்களுக்கு. நாளைக்கே நிறுத்தாதீர்கள், அதே நேரம் இப்படியே கர்ப்பமாகவும் வேண்டாம். மாற்றம் முடிகிற வரை நம்பகமான கருத்தடை முறை ஒன்றில் இருங்கள், இந்த மாதமே டாக்டரைப் பாருங்கள். வால்ப்ரோயேட்டைப் படிப்படியாகக் குறைத்து இன்னொன்றைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். லமோட்ரிஜினை அவசரமாக ஏற்றினால் தோலில் மோசமான ஒவ்வாமை வரலாம். அதுவும் வால்ப்ரோயேட் உடம்பில் இருக்கும்போது லமோட்ரிஜினின் அளவு எகிறும், ஆகவே இன்னும் நிதானமாகத்தான் போக வேண்டும். மாற்றி முடித்த பிறகு புதிய மருந்தில் ஃபிட்ஸ் கட்டுக்குள் இருக்கிறதா என்று சில மாதம் பார்க்க வேண்டும். "இந்த வருடம்" என்பது கொஞ்சம் தள்ளிப் போகலாம். அந்தக் காத்திருப்பு அவசியமானது. கர்ப்பத்துக்கு முன் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஃபிட்ஸ் இல்லாமல் இருந்தவர்களில் ஏறக்குறைய 84 முதல் 92 சதவீதம் பேர் கர்ப்பம் முழுக்கவும் அப்படியே இருக்கிறார்கள்.

ஏன் வால்ப்ரோயேட் மேல் மட்டும் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். யூராப் என்ற சர்வதேசப் பதிவேடு, பல நாடுகளில் வலிப்பு மருந்து சாப்பிட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்ட கணக்கில், ஒரே மருந்து மட்டும் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் பெரிய பிறவிக் குறைபாடுகள் வால்ப்ரோயேட்டில் 10.3 சதவீதம், ஃபீனோபார்பிட்டாலில் 6.5, ஃபெனிடாயினில் 6.4, கார்பமசெபினில் 5.5, டோபிரமேட்டில் 3.9, லமோட்ரிஜினில் 2.9, லெவெட்டிராசெட்டத்தில் 2.8. எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மார்களின் குழந்தைகளிலேயே 2 முதல் 3 சதவீதம் வரை இருக்கும் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். வால்ப்ரோயேட்டில் டோஸ் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது, ஒரு நாளைக்கு 1450 மில்லிகிராமுக்கு மேல் போனவர்களில் நான்கில் ஒன்று. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவது, இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு எல்லாம் இதில் அடங்கும்.

உடல் குறைபாட்டோடு இது முடிவதில்லை. இவற்றில் சில மருந்துகளை ஒப்பிட்டு நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. ஆறு வயதுக் குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு எண் வால்ப்ரோயேட்டில் 97, லமோட்ரிஜினிலும் ஃபெனிடாயினிலும் 108. ஆட்டிசம் வாய்ப்பும் வால்ப்ரோயேட்டில் கூடுகிறது. மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது, அதனால் "முதல் மூன்று மாதம் மட்டும் விட்டால் போதும்" என்ற கணக்கு இங்கே பொருந்தாது. வேறு எதுவுமே கேட்காத சிலருக்கு வால்ப்ரோயேட்டைத் தவிர்க்க முடியாமல் போகும், அப்போது முடிந்தவரை குறைந்த டோஸில், எல்லா விவரமும் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவில் நீங்கள் முழுதாக இருக்க வேண்டும். உங்களிடம் யாரும் இதுவரை இதைப் பேசவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு இந்த மருந்தை எழுதும் அன்றே பேச வேண்டிய விஷயம் இது.

இப்போது மழைச்சாரல். உங்கள் டாக்டர் செய்ய வேண்டியதை முன்கூட்டியே செய்திருக்கிறார். உங்கள் மருந்து இருப்பவற்றில் மிகப் பாதுகாப்பானவற்றில் ஒன்று, டோஸும் அதிகம் இல்லை. உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லலாம்: முதுகுத்தண்டு மூடுவது கருத்தரித்து 28 நாளுக்குள் முடிந்துவிடும், அதாவது நீங்கள் இப்போது அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள். இப்போது நிறுத்தினால் அந்த விஷயத்தில் கிடைக்கிற பயன் எதுவும் இல்லை, ஃபிட்ஸ் ஆபத்து மட்டும்தான் கூடும். ஃபோலிக் ஆசிட்டைக் குறைந்தது 12 வாரம் வரை தொடருங்கள். வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்குப் பல டாக்டர்கள் 5 மில்லிகிராம் எழுதுவார்கள், சிலர் குறைவாக எழுதுவார்கள், உங்களுடையது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

பவளமல்லி சொன்ன இரத்த அளவு விஷயம் லமோட்ரிஜினில் இன்னும் முக்கியம். ஈஸ்ட்ரோஜன் ஏற ஏறக் கல்லீரல் இந்த மருந்தை வேகமாக உடைத்து வெளியேற்றுகிறது, சிலருக்கு அளவு பாதியாகவோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். முடிந்தால் இப்போதே ஒரு முறை அளவு பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கர்ப்பத்துக்கு முன்பு எடுத்தது இருந்தால் இன்னும் நல்லது, பிறகு மாதாமாதம் அதோடு ஒப்பிடலாம். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பமில்லாத பெண்களுக்கும் ஃபிட்ஸ் கூடியதில் பெரிய வித்தியாசமே இல்லை, 23 சதவீதமும் 25 சதவீதமும்தான். ஆனால் அந்தக் கர்ப்பிணிகளில் 74 சதவீதம் பேருக்கு மருந்து அளவை மாற்றியிருந்தார்கள், மற்றவர்களில் 31 சதவீதம் பேருக்குத்தான். நெருங்கிக் கவனித்தார்கள் என்பதைத்தான் அந்த எண் எனக்குச் சொல்கிறது.

பிள்ளைக்கு வருமா என்ற கேள்விக்கு: பெரும்பாலும் வராது. தாய்க்கு இருந்தால் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுகிறது, அப்படியும் சுமார் நூறில் ஐந்து என்ற அளவுதான். குடும்பத்தில் பலருக்கு இருந்தால் மட்டும் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்பும் கர்ப்பமும் குறித்து ஒரு பதிவேடு நடத்துகிறது, வேறு நாடுகளிலும் உண்டு. நான் மேலே சொன்ன எண்கள் இப்படிப் பெயர் கொடுத்த தாய்மார்களால்தான் நமக்குக் கிடைத்தன. உங்கள் டாக்டர் பதிவேட்டில் சேரச் சொன்னால் சேருங்கள்.

நாணல் எழுதியது:

என் மனைவிக்கும் வலிப்பு, ஆறாம் மாதம் நடக்கிறது. வீட்டில் நான் மட்டும்தான். ராத்திரியில் திடீரென்று வந்தால் நான் என்ன செய்ய வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? பிரசவ நேரத்திலேயே வந்துவிட்டால் என்ன செய்வார்கள்? ஆபரேஷன்தான் என்று உறவினர்கள் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வார்டு அக்கா எழுதியது:

தம்பி, நான் பிரசவ வார்டில் பல வருடமாக நர்ஸ். வந்த உடனே மணியைப் பார். அந்த நேரத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடம் போலத் தெரியும், அதனால் கடிகாரத்தை நம்பு. பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வை, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வை. கர்ப்பிணி மல்லாந்து கிடந்தால் வயிற்றின் கனம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும், இடது பக்கம் சாய்த்தால் பிள்ளைக்கு இரத்தம் நன்றாகப் போகும், எச்சிலும் வெளியே வழிந்துவிடும். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் எதையும் பிடிக்கக் கொடுக்க வேண்டாம். அழுத்திப் பிடித்து நிறுத்தவும் பார்க்காதே. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். சீக்கிரம் நின்றுவிட்டாலும், உடம்பு முழுக்க இழுத்திருந்தால் அன்றைக்கே போய்ப் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். விழுந்து வயிறு அடிபட்டிருந்தாலோ, இரத்தமோ தண்ணீரோ கசிந்தாலோ, அசைவு குறைந்தாலோ யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் இதை எல்லோரும் கவனித்துப் படியுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு வருகிற எந்த ஃபிட்ஸையும் "அவளுக்கு ஏற்கெனவே உள்ளதுதானே" என்று வீட்டில் முடிவு செய்துவிடக் கூடாது. இரத்த அழுத்தம் ஏறி வருகிற எக்லாம்சியாவாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு, மெக்னீசியம் சல்பேட் ஊசி. நாங்கள் முதலில் பிரஷர் பார்ப்போம், சிறுநீரில் புரதம் பார்ப்போம், சந்தேகம் தீரும் வரை எக்லாம்சியா என்றே எடுத்துக்கொள்வோம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, திடீரென்று முகம் கை வீக்கம், இவை ஃபிட்ஸுக்கு முன்பே வந்தால் அப்போதே வர வேண்டும். பிரசவம் முடிந்த பிறகும் இது வரலாம், அதனால் பிள்ளை பிறந்துவிட்டதே என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

ஆபரேஷன் பற்றி. வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் மற்றவர்களைப் போலவே பிரசவிக்கிறார்கள். பிரசவ வலியின்போது ஃபிட்ஸ் வருவது நூறில் ஒருவர் இருவருக்குத்தான், அடுத்த 24 மணி நேரத்தில் இன்னும் ஒருவர் இருவருக்கு. வலி நேரத்தில் ஃபிட்ஸ் திரும்பத் திரும்ப வந்தாலோ, பிள்ளையின் துடிப்பு இறங்கினாலோ அப்போது ஆபரேஷன் செய்வார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் பெற வேண்டும், குழந்தை மருத்துவர் இருக்கிற இடமாக இருந்தால் நல்லது.

நான் அடிக்கடி பார்ப்பது என்ன தெரியுமா? வலி எடுத்து வருகிற அவசரத்தில் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். லேபர் ரூமில் மணிக்கணக்காகும், சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, களைப்பு, வலி, இதோடு மாத்திரையும் ஒரு வேளை தவறிவிடும். ஃபிட்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால் ஆஸ்பத்திரிப் பையில் முதலில் போக வேண்டியது மாத்திரை, அது என்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய சீட்டும் கூடவே. உள்ளே வந்ததும் டியூட்டி நர்ஸிடம் "இவளுக்கு வலிப்பு, இரவு எட்டு மணிக்கு மாத்திரை" என்று வாய்விட்டுச் சொல், ஷிஃப்ட் மாறினால் அடுத்தவரிடமும் சொல். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் சொல்லுங்கள், லெவெட்டிராசெட்டம் போன்ற சிலவற்றை நரம்பு வழியாகவே ஏற்றலாம். வலி தாங்க முடியவில்லை என்றால் முதுகில் போடும் எபிட்யூரல் போட்டுக்கொள்ளலாம், வலி குறைந்து கொஞ்சம் தூங்கவும் முடியும். பெத்திடின் ஊசி மட்டும் வேண்டாம், அது ஃபிட்ஸைத் தூண்டக்கூடியது.

பிறந்த பிள்ளைக்கு வைட்டமின் கே ஊசி, 1 மில்லிகிராம், போட்டார்களா என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் போடுவதுதான். கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் தாயின் பிள்ளைக்கு அது இன்னும் அவசியம், இரத்தக் கசிவைத் தடுக்கும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். வயிற்றில் இருந்தபோது பிள்ளைக்குப் போனதைவிடப் பாலில் போவது பொதுவாகக் குறைவுதான். ஃபீனோபார்பிட்டால், குளோபசாம் மாதிரி தூக்கம் தரும் மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் பிள்ளை அளவுக்கு மீறித் தூங்குகிறதா, பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அப்படி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தம்பி, மனைவி குளிக்கும்போது கதவை உள்ளே தாழ் போட வேண்டாம் என்று சொல். இது இப்போதிலிருந்தே.

மழைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பவளமல்லி அக்கா சொன்னபடி அன்றே டாக்டருக்குப் போன் செய்து வாந்திக்கு மாத்திரை வாங்கிவிட்டேன், இப்போது காலை டோஸ் உள்ளே தங்குகிறது. நேற்று நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம், மாமியாரும் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே "மாத்திரையை விட்டா என் மருமகளுக்கு என்ன ஆகும்" என்பதுதான், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. டாக்டர் தொடரச் சொல்லிவிட்டார், மாதாமாதம் இரத்த அளவு பார்ப்பதாகச் சொன்னார், மகப்பேறு டாக்டருக்கும் கடிதம் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மாமியாரே என் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினார்.

ஒன்று மட்டும் கேட்க மறந்துவிட்டேன். கர்ப்பத்தில் டோஸ் கூட்டுவார்கள் என்றால், பிள்ளை பிறந்த பிறகு அந்தக் கூடுதல் டோஸிலேயே இருக்க வேண்டுமா?

தாழம்பூ, உங்களுக்கு டாக்டர் கிடைத்தாரா?

தாழம்பூ எழுதியது:

திங்கட்கிழமை பார்க்கப் போகிறேன். கணவரும் வருகிறார். வேம்பு எழுதியதை எல்லாம் தாளில் எடுத்து எழுதி வைத்திருக்கிறேன், அந்த மருந்துகளில் எது எனக்கு முன்பே கொடுத்துப் பார்த்தது என்றும் பழைய சீட்டுகளிலிருந்து தேடிக் குறித்துவிட்டேன்.

வேம்பு எழுதியது:

தாழம்பூ, அந்தப் பழைய சீட்டுகளை அப்படியே கொண்டு போங்கள். முன்பு கொடுத்த மருந்து உண்மையிலேயே கேட்கவில்லையா, இல்லை டோஸ் போதாமல் விட்டுவிட்டார்களா என்று அதில்தான் தெரியும்.

மழைச்சாரல், நல்ல கேள்வி, பலர் கேட்காமல் விடுவது. கூடுதல் டோஸில் இருக்கக் கூடாது. பிரசவம் ஆனதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும், உடம்பு பழைய வேகத்துக்குத் திரும்பும், லமோட்ரிஜின் இரண்டு மூன்று வாரத்துக்குள் இரத்தத்தில் ஏறிவிடும். குறைக்காமல் விட்டால் தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, நடக்கும்போது தள்ளாடுவது எல்லாம் வரும், கையில் பச்சைப் பிள்ளையோடு தள்ளாடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெரும்பாலும் பிறந்த சில நாளிலேயே குறைக்கத் தொடங்கி, தூக்கம் கெடுகிற காலம் என்பதால் பழைய அளவைவிடச் சற்றுக் கூடுதலாக நிறுத்துவார்கள். எந்த நாளில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எட்டாம் மாதத்திலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிரசவ அசதியில் நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஒரு பிரதி கணவரிடமும் ஒன்று மாமியாரிடமும் இருக்கட்டும். அதே சந்திப்பில் கருத்தடை பற்றியும் கேளுங்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை லமோட்ரிஜினின் அளவைத் திரும்பவும் இறக்கிவிடும், காப்பர் டி-யில் அந்தத் தொல்லை இல்லை.